அடுக்ககத்து முற்றமும் செயற்கைப் புல்லும்

திருவனந்தபுரம் நகரில் பட்டம், கவடியார், உள்ளூர், கழக்கூட்டம் முதலிய பகுதிகளில், ஒரு தலைமுறைக்கு முன் தென்னையும் மரவள்ளியும் நின்ற நிலங்களில் இன்று பத்து மாடி, பதினைந்து மாடி என்று அடுக்ககங்கள் எழும்பி நிற்கின்றன. அந்தக் கட்டடங்களுக்கு இடையே எஞ்சும் திறந்தவெளியில் செயற்கைப் புல் விரித்துவிடலாமா என்ற யோசனை குடியிருப்போர் சங்கங்களின் பொதுக்குழுவில் வரும்போது, அதை ஒரு தரைவிரிப்பின் விலையைப் பற்றிய விஷயமாக எண்ணி அரை மணி நேரத்தில் முடிவெடுத்துவிடுவது எளிது. ஆனால் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலங்களைக் காணும் ஓர் ஊரில், நூறு குடும்பங்கள் பொதுவாக அநுபவிக்கும் ஒரே நிலப்பரப்பை எந்தப் பொருளால் மூடுவது என்பது, தண்ணீர், வெயில், குழந்தைகளின் விளையாட்டு, முதியோரின் நடை, பண்டிகை, குப்பை ஆகிய அனைத்தையும் ஒருங்கே தொடுகின்ற விஷயமாதலால், அதைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது அவசியமாகிறது.

ஆசை எழுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கேரளத்தில் சிற்றூர் பேரூர் என்ற பேதமின்றி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் கால்பந்து ‘டர்ஃப்’கள் பெருகிவிட்டன. இரவு விளக்கொளியில், சேறு படாத பச்சைத் தரையில், ஆபீஸ் முடிந்து வந்த இளைஞர்கள் விளையாடுவதைப் பார்த்த கண்களுக்கு, அதே பசுமை தம் வீட்டு வாசலிலும் இருந்தால் என்ன என்று தோன்றுவது இயல்பே. வெட்ட வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆள் கிடைக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம் என்று விற்பனையாளர் சொல்லும் மூன்று வாக்குறுதிகளும், தோட்டக்காரருக்குத் தட்டுப்பாடு உள்ள ஊரில் காதுக்கு இனிமையாகவே இருக்கின்றன.

குளிர்நாட்டின் தேவை

செயற்கைப் புல்லின் சரித்திரம் நீண்டதன்று. 1964-ல் அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில், மோசஸ் பிரவுன் பள்ளியில் அது முதன்முதலாகப் பெரிய அளவில் விரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் டெக்ஸாஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகரில் திறக்கப்பட்ட ‘ஆஸ்ட்ரோடோம்’ என்னும் கூரையிட்ட விளையாட்டரங்கத்தில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் கூரைப் பலகைகளால் ஆட்டக்காரர்களின் கண் கூசியது. அதைத் தவிர்க்கப் பலகைகளுக்கு வர்ணம் பூசியபோது வெயில் இழந்த இயற்கைப் புல் மடிந்தது. அதற்கு மாற்றாக 1966-ல் அங்கே விரிக்கப்பட்ட பொருளே ‘ஆஸ்ட்ரோ டர்ஃப்’ என்ற பெயரில் உலகெங்கும் பிரசித்தி அடைந்தது. வெயில் புகாத இடத்தில் உயிர்ப்புல் வளராது என்ற இடர்ப்பாட்டுக்குப் பரிகாரமாகவே இப்பொருள் பெயர் பெற்றது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் அதன் தகுதியும் வரம்பும் அந்த ஓர் உண்மையிலேயே அடங்கியிருக்கின்றன.

இந்தியர்களாகிய நமக்கு இதன் அறிமுகம் சற்றுக் கசப்பாகவே நேர்ந்தது. 1975-ல் கோலாலம்பூரில் இயற்கைப் புல்தரையில் உலகக் கோப்பையை வென்ற நம் ஹாக்கி அணி, மறு ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில், முதன்முறையாகச் செயற்கைத் தரையில் நடந்த ஒலிம்பிக் ஹாக்கிப் போட்டியில் ஏழாம் இடத்துக்கு இறங்கியது. தரை மாறினால் அதன் மேல் நிகழும் வாழ்க்கையும் மாறும் என்பதை அந்த ஒரு வருஷ இடைவெளி தேசம் முழுவதற்கும் காட்டிற்று.

குளிர்தேசத்து அடுக்ககங்கள் இப்பொருளை நாடுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. நம்மவர் பலர் குடியேறி வாழும் கனடாவின் டொரான்டோ நகரை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் மாத நடுப்பகலிலும் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 23 பாகை உயரமே ஏறுகிறான். உயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்த முற்றத்தில் குளிர்காலம் முழுவதும் நேர்வெயில் விழுவதே அரிது. புல் பல மாதங்கள் உறக்க நிலையில் பழுப்பேறிக் கிடக்கிறது. பனி உருகும் வசந்த காலத்தில் தரை சேறாகிறது. குழந்தைகள் வெளியில் வந்து ஆடக் கிடைக்கும் மாதங்களோ சில. அப்படிப்பட்ட இடத்தில் ஆண்டு முழுவதும் கால் வைக்கத்தக்க ஒரு தரை வேண்டும் என்று எண்ணுவதில் தவறில்லை.

அங்கே திட்டமிடுவோரின் முதற்கவலை, பசுமையின் சாயலைவிட அதன் அடித்தளத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் ஒன்பது சதவீதம் விரிகிறது. மண்ணுக்குள் தேங்கிய ஈரம் உறைந்து வீங்கித் தரையைத் தூக்குவதும், உருகியபின் பள்ளமாகத் தாழ்வதும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. ஆதலால், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் களிமண்ணை ஆழமாக எடுத்துவிட்டு, நீர் விரைந்து வடியும் உடைகல்லைப் படுகை படுகையாக இட்டு இறுக்கி, அடியில் வடிகுழாய் பதித்து, அதன் பிறகே புல்விரிப்பைப் பரப்புகிறார்கள். விளிம்புகளைக் கெட்டியாகப் பிணைக்கிறார்கள்; இழைகளுக்கிடையே மணல் தூவுகிறார்கள்; பனியை அகற்ற நேர்ந்தால் இழையைக் கிழிக்காதபடி பிளாஸ்டிக் வாருகோலையே கையாளுகிறார்கள். இவ்வளவு முயற்சியின் சாரம், மேலே விரிப்பது எதுவாயினும் கீழே தண்ணீருக்கு வழி விட்டிருக்க வேண்டும் என்பதே. குளிர்தேசத்தாரிடம் நாம் கற்கத்தக்கது இந்த ஒழுங்கைத்தான். அவர்கள் காரணங்களை நாம் கடன் வாங்க இயலாது.

நம் வானம் வேறு

திருவனந்தபுரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் அமைந்திருக்கிறது. டிசம்பர் மாதத்திலும் நடுப்பகல் சூரியன் இங்கே 58 பாகை உயரத்தில் நிற்கிறான். ஏப்ரல் மாத நடுவிலும் ஆகஸ்ட் மாத இறுதியிலுமாக ஆண்டுக்கு இரு முறை அவன் நேர் உச்சிக்கு வருகிறான். அந்நாட்களில் எத்தனை உயரமான கட்டடமாயினும் நண்பகலில் முற்றத்துக்கு நிழல் தருவதில்லை.

உயிருள்ள புல் தன் வேரால் உறிஞ்சிய நீரை இலையால் ஆவியாக்கித் தன்னையும் தன்னைச் சூழ்ந்த காற்றையும் குளிர்வித்துக்கொள்கிறது. பாலிஎதிலீன் இழைக்கு அந்தச் சக்தி கிடையாது. அது வெயிலை வாங்கி வைத்துக்கொள்ள மட்டுமே அறியும். நேர்வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 பாகை செண்டிகிரேடைத் தாண்டுவதைப் பல தேசங்களில் எடுத்த அளவீடுகள் காட்டியிருக்கின்றன. தண்ணீர் தெளித்தால் சூடு தணிகிறது. சிறிது நேரத்தில் மீண்டும் ஏறிவிடுகிறது. பள்ளி விடுமுறையில் குழந்தைகள் நாள் முழுவதும் வீட்டில் இருக்கும் ஏப்ரல் மாதமே சூரியன் உச்சியில் நிற்கும் மாதமுமாக அமைந்திருப்பதால், நிழலற்ற முற்றத்தில் விரித்த செயற்கைப் புல், யாருக்காக விரிக்கப்பட்டதோ அவர்களுக்கே பகற்பொழுதில் பயன்படாமற் போகும்.

வெயிலினும் பெரிய விஷயம் மழை. இடவப்பாதி என்று இவ்வூரார் அழைக்கும் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத் தொடக்கத்தில் இறங்குகிறது. துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடியோடு வருகிறது. இரண்டும் கோடைமழையும் சேர்ந்து வருஷத்தில் ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் பெய்கிறது என்று கொள்ளலாம். ஐந்நூறு சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு நடுத்தர முற்றத்தில் மட்டும் இது ஒன்பது லட்சம் லிட்டர் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் கொட்டும் மழையில் அதே முற்றம் 25,000 லிட்டரைப் பெறுகிறது. அதை மண் குடிக்கப் போகிறதா, சாக்கடை சுமக்கப் போகிறதா என்பதை நிச்சயிப்பது அந்த முற்றத்தின் தரையே.

இந்நகரத்தின் நிலம் சிறு குன்றுகளும் அவற்றிடையே ஒருகாலத்தில் நெல் விளைந்த பள்ளங்களுமாக அமைந்தது. குன்றுகளின் செம்மண்ணும் செம்பாறையும் மழையை ஓரளவு உள்வாங்கிக் கிணறுகளுக்குத் தந்தன. பள்ளங்கள் மிகுதியைத் தாங்கின. இன்று மேடுகள் சிமெண்டால் மூடப்பட்டுப் பள்ளங்களும் வீடுகளாகிவிட்டமையால், ஆமையிழஞ்சான் தோடு, பட்டம் தோடு, உள்ளூர் தோடு ஆகிய ஓடைகள் அவ்வளவு நீரையும் ஒரே சமயத்தில் ஆக்குளம் காயலுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. 2015-ல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் ஓடைகளைத் தூர்வாரி ஆக்கிரமிப்புகளை அகற்றினார்கள். அதன் பிறகும், 2023 அக்டோபர் நடுவில் ஒரே இரவில் பெய்த கனமழையில் தெற்றியாற்றின் கரையிலும் ஆமையிழஞ்சான் தோட்டின் கரையிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. குன்றின் மேல் இருக்கும் ஓர் அடுக்ககம் தன் முற்றத்தை நீர் புகாதபடி மூடிக்கொள்வதன் பலனைப் பள்ளத்தில் இருக்கும் வேறொரு குடும்பம் அநுபவிக்கிறது. ஆகவே முற்றத்தின் தரையைப் பற்றிய தீர்மானம் அந்த மதிலுக்குள் இருப்பவர்களின் அழகுணர்ச்சியைச் சார்ந்தது மட்டும் அன்று. அது அயலாரிடம் நமக்குள்ள கடமையையும் சேர்ந்தது.

பழைய முற்றங்களின் ஞானம்

இவ்வூரார் முற்றத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நாலுகெட்டு வீடுகளில் நான்கு பக்கத்துக் கூரைச் சரிவுகளும் சந்திக்கும் நடுமுற்றம், வீட்டாரின் கண்முன்னே மழையைப் பெற்று, மூலையில் வைத்த தூம்பின் வழியே அதை வெளியே அனுப்பியது. அதே முற்றம் வெயிற்காலத்தில் சூடேறிய காற்றை மேலே போக்கி, சுற்றியிருந்த அறைகளுக்குத் தென்றலை இழுத்துத் தந்தது. திருவிதாங்கூரின் பழைய தலைநகராகிய பத்மநாபபுரத்து அரண்மனையில் இந்த அமைப்பின் விரிந்த வடிவத்தை இன்றும் பார்க்கலாம். கரமனை, வலியசாலை, கோட்டைக்ககம் ஆகிய இடங்களில் தமிழர் வாழ்ந்த தெருக்களிலும், அடுத்தடுத்துச் சுவர் ஒட்டிய நீண்ட வீடுகளின் நடுவே வானம் தெரியும் ஒரு முற்றத்தை விட்டு, அங்கேயே வடகம் உலர்த்தி, தண்ணீர் இறைத்து, மழையையும் பிடித்துக்கொண்டார்கள். அந்த முற்றங்கள் எதிலும் தரை வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. ஓரிடத்தில் கல், ஓரிடத்தில் மண், ஓரிடத்தில் துளசிமாடம் என்று, காரியத்துக்கு ஏற்றபடி தரை பிரிந்திருந்தது.

அந்த ஞானத்தைப் புதிய காலத்துக்கு எடுத்துவந்தவருள் தலையானவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பர்மிங்காமில் 1917-ல் பிறந்து, வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் திருவனந்தபுரத்தில் கழித்து, 2007-ல் இவ்வூரிலேயே காலமான அம்மகான், உள்ளூர் என்னும் பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையத்துக்காக 1970-களில் அமைத்த வளாகத்தில், சரிவான நிலத்தை வெட்டிச் சமமாக்காமல், அதன் வளைவுகளைத் தழுவியே செங்கற் கட்டடங்களை எழுப்பினார். நின்ற மரங்களை இயன்ற வரை காத்தார். கட்டடங்களுக்கிடையே சிறு முற்றங்களையும் அவற்றில் சிறு நீர்நிலைகளையும் வைத்து, அவற்றின் மேல் தவழ்ந்து வரும் காற்று துளையிட்ட செங்கற்சுவர்களின் வழியே அறைகளுக்குள் குளிர்ச்சியாகப் புகும்படி செய்தார். முற்றம் என்பது மிச்சம் விழுந்த இடமன்று, கட்டடம் மூச்சுவிடும் இடம் என்பதை அந்த வளாகம் ஐம்பது ஆண்டுகளாக எடுத்துக்காட்டி வருகிறது. திட்டம் வகுக்க உட்காரும் எந்தச் சங்கத்தின் செயற்குழுவும் ஒரு நாள் அங்கே சென்று நிழலையும் சரிவையும் பார்த்துவிட்டு வருவது பிரயோஜனமாக இருக்கும்.

தளத்தின் மேல் அமைந்த முற்றம்

இவ்வளவும் உண்மையாயினும், இன்றைய அடுக்ககத்து முற்றங்களுள் பல உண்மையான பூமியின் மேல் இல்லை என்பதை மறந்துவிடலாகாது. கார்கள் நிற்கும் கீழ்த்தளத்தின் கான்கிரீட் கூரையே மேலே முற்றமாக அமைகிறது. ஓரடி ஆழத்துக்கு நனைந்த மண் ஒரு சதுர மீட்டருக்கு அரை டன்னுக்கு மேல் எடை கொள்ளும். அந்தப் பாரத்தை ஏற்கும்படி ஆதியிலேயே கணக்கிட்டுக் கட்டாத தளத்தின் மேல் தோட்டம் போடுவது அபாயம். நாற்புறமும் கட்டடம் சூழ்ந்து வெயிலே எட்டாத மூலைகளும், மேல்மாடத்துக்கு அடியில் மழை படாத இடங்களும் உண்டு. இத்தகைய இடங்களில், எடை மிகக் குறைந்த செயற்கைப் புல் நியாயமான தேர்வே ஆகும். அதை முற்றிலும் விலக்க வேண்டும் என்று சொல்வது நடைமுறையை அறியாதவர் வாதமாகும்.

ஆனால் விரிக்கும் முறையில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. பழைய டைல்ஸின் மேல் பசை தடவிச் செயற்கைப் புல்லை நேராக ஒட்டிவிட்டால், அதன் முதுகில் உள்ள துளைகள் டைல்ஸில் அடைபட்டு, மழைநீர் இழைகளின் அடியிலேயே தேங்கும். சில வாரங்களில் பாசி படிந்து வழுக்கும். நாய்களும் பூனைகளும் நடமாடும் இடமாயின் துர்நாற்றம் எழும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய சிறிதளவு நீரிலேயே முட்டையிடும் சுபாவமுடையது என்பதை இந்நகரத்தார் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அநுபவத்தால் அறிவார்கள்.

முறையாகச் செய்வதாயின், முதலில் தளத்தின் நீர்க்கசிவுக் காப்பைச் சோதித்துச் சீராக்க வேண்டும். தண்ணீரைச் சில நாள் கட்டி நிறுத்திக் கீழே கசிகிறதா என்று பார்ப்பது கட்டடத்தொழிலார் அறிந்த எளிய சோதனை. அதன் மேல் வடிகாலை நோக்கி நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேனும் சரிவு கொடுத்துத் தளப்பூச்சு இட வேண்டும். அதன் மேல் ‘டிரெயினேஜ் செல்’ என்று வழங்கும், நீர் ஓட இடம் விட்ட பிளாஸ்டிக் சட்டங்களை அடுக்கி, அவற்றின் மேல் மண்ணும் மணலும் இறங்காமல் நீரை மட்டும் விடும் துணியை விரித்து, அதற்கும் மேலேயே புல்விரிப்பைப் பரப்ப வேண்டும். வடிகால் வாய்களைப் புல்லால் மூடிவிடாமல், திறந்து குப்பை எடுக்கத்தக்க மூடிகளாக வைக்க வேண்டும். இவற்றுள் ஒரு படியைக் குறைத்துக்கொண்டு ஒப்பந்தக்காரர் தரும் மலிவான விலை, பிறகு கீழ்த்தளத்துக் கசிவைச் சரிசெய்யும் செலவாகத் திரும்பி வரும்.

இழைகளுக்கிடையே எதை நிரப்புவது என்பதும் கவனிக்கத்தக்கது. விளையாட்டு மைதானங்களில் பழைய டயர்களை அரைத்துச் செய்த ரப்பர்த் துகளைத் தூவுவது வழக்கம். அந்தத் துகள்கள் காலிலும் மழையிலும் அடித்துச் செல்லப்பட்டு நீர்நிலைகளில் சேர்வதால், ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் நுண்பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றி, இத்தகைய துகள்களை விற்பதற்கு எட்டு ஆண்டுகள் அவகாசம் அளித்து, 2031-க்குப் பிறகு இயலாதபடி செய்திருக்கிறது. நம் ஓடைகள் ஆக்குளத்துக்கும் அங்கிருந்து வேளிக் கடலுக்கும் போகின்றன. வீட்டு முற்றத்துக்கு ரப்பர்த் துகள் தேவையே இல்லை. சுத்தமான சிலிக்கா மணலே போதுமானது.

முற்றம் ஏற்க வேண்டிய காரியங்கள்

தரையின் குணங்களைப் பேசுவோர், அதன் மேல் மனிதர் என்ன செய்வார்கள் என்பதைப் பல சமயங்களில் மறந்துவிடுகிறார்கள். திருவனந்தபுரத்து முற்றம் ஒன்று ஆண்டில் ஏற்க வேண்டிய காரியங்கள் சிறப்பானவை. ஆவணி மாதத்து ஓணத்துக்கு, அத்தம் முதல் பத்து நாளும் அங்கே பூக்களம் இட வேண்டும். மரக்கிளை இருந்தால் ஊஞ்சல் கட்ட வேண்டும். பொங்கலன்று தமிழ்க் குடும்பங்கள் கோலமிட இடம் தேடும். இவற்றுக்கெல்லாம் சமமான, வழித்துத் துடைக்கத்தக்க தரை வேண்டும். இழைகளின் மேல் கோலமும் நிற்காது, பூவிதழும் அடங்காது.

அனைத்திலும் முக்கியமானது ஆற்றுக்கால் பொங்காலை. மாசி மாதத்தில் ஆற்றுக்கால் பகவதி கோயிலைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் நகரத்துத் தெருக்களெல்லாம் அடுப்புகளாக மாறும் அந்நாளில், 2009-ல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. தெருவில் இடம் கிடைக்காதோரும் முதியோரும் தம் வீட்டு முற்றத்திலேயே மூன்று செங்கற்களைக் கூட்டி, மண்பானை ஏற்றி, பொங்கலிடுகிறார்கள். பெருந்தொற்றுக் காலமாகிய 2021-ல் பொங்காலை முழுவதும் வீடுகளிலேயே நடந்தபோது, பொதுமுற்றத்தின் அருமையை அடுக்ககத்தார் நன்கு உணர்ந்திருப்பார்கள். பாலிஎதிலீன் ஏறத்தாழ 120 பாகைச் சூட்டில் இளகிவிடும் பொருள். விறகு அடுப்பின் அருகே அது ஒரு கணமும் தாங்காது. முற்றம் முழுவதையும் செயற்கைப் புல்லால் மூடிய அடுக்ககத்தில், அந்த வளாகத்துப் பெண்கள் வருஷத்தில் ஒரு நாள் தமக்கே உரிய இடத்தில் தமக்கே உரிய வழிபாட்டைச் செய்ய இயலாமற் போகும். திட்டம் வகுக்கும் பொறியாளரின் வரைபடத்தில் இந்த ஒரு நாளுக்கும் இடம் இருக்க வேண்டும்.

ஆயுள் முடிந்த பின்

எந்தப் பொருளையும் வாங்கும்போதே அதன் முடிவையும் எண்ணிப் பார்ப்பது குடித்தனக்காரரின் இலக்கணம். செயற்கைப் புல் வெயிலுக்கும் தேய்மானத்துக்கும் ஏற்பப் பத்து ஆண்டுகள், மிகுந்தால் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும். அதன் பிறகு இழை ஒரு பிளாஸ்டிக், முதுகு வேறொரு பிளாஸ்டிக், இடையில் பசை, மேலே மணல் என்று பிரிக்க இயலாதபடி ஒட்டிய பல டன் எடையுள்ள கழிவு நம் கையில் எஞ்சும்.

அதைப் போடுவதற்குத் திருவனந்தபுரத்தில் இடம் ஏது? நகரின் குப்பையை ஏற்றுவந்த விளப்பில்சாலை ஆலை, அந்தக் கிராமத்தாரின் நீண்ட போராட்டத்தின் விளைவாக 2011-ம் ஆண்டு இறுதியில் மூடப்பட்டது. தம் ஊரை நாறடித்துக்கொண்டு மற்றோர் ஊர் சுத்தமாக இருப்பதை அவர்கள் மறுத்ததில் நியாயம் இருந்தது. அதன் பின்னரே இந்நகரம், மட்கும் குப்பையை அங்கங்கே உரமாக்கவும், மட்காததை ஹரித கர்ம சேனையின் பெண்கள் வீடு வீடாகச் சென்று பிரித்து வாங்கவும் பழகிக்கொண்டது. மாதந்தோறும் பால் உறையைக் கழுவி உலர்த்திக் கொடுக்கும் அதே குடும்பங்கள், ஐந்நூறு சதுர மீட்டர் பிளாஸ்டிக்கை ஒரே தடவையில் வாங்கும்போது அதன் கதியையும் கேட்பதே பொருத்தம். விற்பவரே ஆயுள் முடிந்தபின் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது இதற்கு ஓரளவு பரிகாரமாகும்.

திட்டமிடும் ஒழுங்கு

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், திருவனந்தபுரத்து அடுக்ககத்துக்கு ஏற்ற முற்றத்தின் அமைப்பு தானே தெளிவாகிறது.

முதற்படி கவனிப்பது. ஜூன் மாதத்தில் நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் முற்றத்தில் நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏப்ரலிலும் டிசம்பரிலும் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் நிழல் விழும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு குறிப்புகளும் இல்லாமல் வரையப்படும் வரைபடம் எவ்வளவு வர்ணமயமாக இருந்தாலும் பயன் தராது.

இரண்டாம் படி, பூமியைப் பூமியாகவே விடுவது. கீழ்த்தளம் இல்லாத, உண்மையான மண் உள்ள பகுதி எதுவோ அது முழுவதும் மழைக்கும் மரத்துக்கும் உரியது. அங்கே மகிழமும் புங்கமும் நட்டால் சில வருஷங்களில் நிழல் கிடைக்கும். மரநிழலில் புல் வேண்டுமானால், கேரளத்து நர்சரிகளில் ‘பேர்ல் கிராஸ்’ என்றும் ‘பஃபலோ கிராஸ்’ என்றும் கிடைக்கும் இனங்கள் அரைநிழலிலும் செழிக்கும். இங்கே இருக்கும் ஈரப்பதத்தில் அவற்றுக்கு வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீர் ஊற்றவும் வேண்டியதில்லை. கூரைநீரை வடிகட்டித் தொட்டியிலும் மழைக்குழியிலும் கிணற்றிலும் சேர்க்கும் ஏற்பாட்டை இந்தப் பகுதியோடு இணைத்துவிட வேண்டும். கேரளத்துக் கட்டட விதிகள் 2004 முதலே மழைநீர் சேகரிப்பை வற்புறுத்தி வருகின்றன. விதிக்காக ஒரு தொட்டியைக் கட்டிப் பூட்டிவைப்பதை விடுத்து, முற்றத்தின் உயிர்நாடியாகவே அதை அமைப்பது உத்தமம்.

மூன்றாம் படி, கல்தரை. நடப்பதற்கும், பூக்களத்துக்கும், பொங்காலைக்கும், கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதற்கும் ஏற்ற ஒரு பகுதியை, இடையிடையே நீர் இறங்கும் இடைவெளி விட்ட கற்களால் பாவ வேண்டும். முதியோர் விழாமல் நடக்கச் சொரசொரப்பான கல்லே தகுந்தது.

நான்காவதாகவே செயற்கைப் புல் வர வேண்டும். தளத்தின் மேல் அமைந்து மண்ணைத் தாங்க இயலாத பகுதி, வெயில் எட்டாத மூலை, கூரைக்கு அடியில் உள்ள சிறு குழந்தைகளின் விளையாட்டு இடம் ஆகியவற்றுக்கு மட்டும், மேற்சொன்ன அடுக்குகளோடு, மணல் நிரப்பி, விரித்துக்கொள்ளலாம். குழந்தை விழுந்தால் அடிபடாதபடி அதன் அடியில் மென்மையான மெத்தைப்படுகை ஒன்றையும் சேர்ப்பது நலம். வாரம் ஒரு முறை சருகு பெருக்கி, இழையை எதிர்த்திசையில் துடைப்பத்தால் நிமிர்த்தி, மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையேனும் கழுவிவிட வேண்டும். பராமரிப்பே வேண்டாத புல் என்று ஒன்று உலகத்தில் இல்லை. நிறத்தில் ஈயம் கலக்கவில்லை என்பதற்கும், புற ஊதாக் கதிரைத் தாங்கும் என்பதற்கும் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் செயலாளருக்கு உள்ள உரிமை மட்டுமல்ல, கடமையும் ஆகும்.

இந்த நான்கு படிகளையும் இதே வரிசையில் ஏற்பதா, தலைகீழாக ஏற்பதா என்பதிலேயே பலன் மாறுகிறது. புல்லின் நிறத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுத் தண்ணீரைப் பற்றிப் பிறகு யோசிப்பவர்கள், ஒவ்வோர் இடவப்பாதியிலும் அந்தத் தேர்வுக்காகச் செலவழிப்பார்கள். தண்ணீருக்கும் நிழலுக்கும் மனிதரின் பழக்கங்களுக்கும் முதலிடம் கொடுப்பவர்களுக்கோ, செயற்கைப் புல் வேண்டிய இடம் எவ்வளவு சிறியது என்பது தானாகவே விளங்கிவிடும். அந்தச் சிறிய இடத்தில் அது குறைவின்றிப் பயன்படும். ஆதலால் அடுத்த பொதுக்குழுவில் இந்த யோசனை வரும்போது, விலைப்பட்டியலைப் படிப்பதற்கு முன், வளாகத்தின் மழைநீர் எங்கே போகிறது என்பதைக் காட்டும் வரைபடத்தைச் சபையின் முன் வைக்கும்படி ஒவ்வொரு குடியிருப்பாளரும் கேட்க வேண்டும். அதைக் காட்ட இயலாத சங்கம், தரையை எதைக் கொண்டு மூடுவது என்ற தீர்மானத்தை ஒத்திவைப்பதே முறை.